மிகாவேலுக்கு ஒரு வாக்குத்தத்தம்

போன கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் பரலோகத்திலிருந்து தப்பான பக்கம் விழுந்துவிட்டேன்.

வலது பக்கம் விழவேண்டும். மெத்தை வலது பக்கம்தான் போட்டிருந்தது. இருபத்தாறு வருடமாக வலது பக்கமே விழுந்து பழகியவன் நான். அன்றைக்கு முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மயங்கி, ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டேன். என் சாத்தான் வேஷத்து வால் காலில் மாட்டிக்கொண்டது. இடது பக்கம் பிரதான தூதனாகிய மிகாவேல் வாளோடு நின்றுகொண்டிருந்தான். தொண்ணூற்றிரண்டு கிலோ லூசிபர் அவன் மேல் போய் விழுந்தான். தெர்மோகோல் வாள் இரண்டாக முறிந்தது. சபையே எழுந்து நின்று கைதட்டியது. தம்பி குணசேகர், நீங்கள் விசில்கூட அடித்தீர்கள்.

லூசிபர் எழுந்துவிட்டான். மிகாவேல் எழவில்லை.

இந்த வருட நாடகப் பட்டியலோடு நீங்கள் வீட்டுக்கு வந்து, "அண்ணே, லூசிபர் வழக்கம்போல நீங்கதானே?" என்று கேட்டபோது வேண்டாம் என்றேன். "முட்டி வலியா?" என்றீர்கள். முட்டியும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நீங்கள் நம் சபை பாஸ்டரேட் கமிட்டியின் செயலாளர். நாளைக்குக் கூட்டத்தில் காரணம் கேட்பார்கள். அதனால் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மிகாவேல் வேஷம் போட்டது ஓஸ்வால்ட். அவனை உங்களுக்கு ஞாயிறு பள்ளி சூப்பரிண்டெண்டாகத் தெரியும். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேள்வி கேட்கிற ரிட்டயர்டு கணக்கு வாத்தியாராகத் தெரியும். எனக்கு அவன் அறுபது வருடமாகத் தெரிந்தவன். கே.ஜி.எஃப்-பில் எங்கள் இருவர் அப்பாக்களும் ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிப்டு. அவன் அங்கிருந்து பள்ளிக்கூட வேலைக்கு பெங்களூர் வந்தான். அவன் வந்தானே என்று நானும் வந்தேன். ஒக்கலிபுரத்தில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கச் சேர்ந்து, அப்புறம் கம்ப்யூட்டர் வந்து, நாற்பது வருடம் அடுத்தவர்களின் கல்யாணத்தையும் கருமாதியையும் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. யாரும் பெரிதாக வற்புறுத்தவும் இல்லை. அவன் மனைவி, பெட்டி என்று பேர், இறந்து எட்டு வருடம் ஆயிற்று. மர்பி டவுனில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே நாலு கதவு.

தினமும் காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி ஒரு நடை. ஆறே முக்காலுக்குத் தர்ஷினி ஹோட்டலில் நின்றபடி ஒரு பை-டூ காபி. ஒரு காபியை இரண்டு கிளாஸில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுப்பார்கள். பெங்களூரில் பிறந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் குடும்பம்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். அவன் விழுந்த இடத்திலேயே படுத்துக்கொண்டு சிரித்தான். சிரிப்புச் சத்தம் வந்தது, மூச்சு வரவில்லை. முகத்துப் பவுடர் வியர்வையில் கோடு கோடாகக் கரைந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வெள்ளை அங்கியோடு அவன், சிவப்பு உடுப்பும் கொம்புமாக நான். எமர்ஜென்சியில் இருந்த நர்ஸ் அவனை விட்டுவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தாள். விலா எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், அப்புறம் ஆஞ்சியோ எடுத்தார்கள். மூன்று குழாயில் அடைப்பு. "இவர் உங்க மேல விழுந்தது நல்லதாப் போச்சு, இல்லாட்டி தெரிஞ்சே இருக்காது" என்றார் டாக்டர். லூசிபருக்கு யாராவது நன்றி சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பைபாஸ் செய்யவேண்டும். ஜனவரி மூன்றாம் வாரம் தேதி கொடுத்தார்கள். அவன் மகள் டீனா எல்லாவற்றையும் பேசி முடித்தாள். கெட்டிக்காரப் பெண். எனக்கு எதிரிலேயே சொன்னாள்: "ஆபரேஷன் முடிஞ்சதும் அப்பாவ எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன் அங்கிள். இங்க மாடிப்படி ஏறி எறங்க முடியாது. இந்த வீட்டக் காலி பண்ணிடலாம்."

டீனாவின் வீடு பொம்மனஹள்ளியில்.

ஆஸ்திரேலியா என்றிருந்தால் கமிட்டிக்கு ஓரளவு புரிந்திருக்கும். பொம்மனஹள்ளி, தம்பி. பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நடுவில் மணிக்கணக்கில் வண்டி நகராத சில்க் போர்டு சிக்னல் இருக்கிறது. அதைத் தாண்டி யாரும் காலை ஆறே முக்காலுக்குப் பாதிக் காபி குடிக்க வரமாட்டார்கள். முதல் மாதம் இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். அப்புறம் மாதம் ஒரு தடவை. அப்புறம் அவன் பேரன் பிறந்தநாளுக்கு. மாப்பிள்ளை சோபாவில் ஓரம் நகர்ந்து உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் கேக் எடுத்துக்கோங்க அங்கிள்" என்பார். நான் ஒரு ஜோக் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் மணி பார்ப்பார்கள். இதெல்லாம் டீனா பேசிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே லூசிபரைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். இருபத்தாறு வருடம் ஒருவன் உடுப்பைப் போட்டவனுக்கு அவனைப் பற்றிச் சொல்ல நாலு வார்த்தை இருக்கும்.

பெருமையால் விழுந்தான் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். கவிதை எழுதுகிறவர்கள் அவனைப் புரட்சிக்காரனாக்கிவிட்டார்கள். நரகத்தில் ராஜாவாக இருக்கிறானாம், கம்பீரமாம். எனக்கு ஒவ்வொரு வருடமும் சிறகு தைத்துத் தருகிற ஷஃபி பாய் அவர்கள் வீட்டுக் கதையைச் சொல்வார். மண்ணால் செய்த மனுஷனைக் கும்பிடு என்று கடவுள் சொன்னாராம், இவன் மாட்டேன் என்றானாம். அதற்கு ஒரு பெரியவர் விளக்கம் சொன்னாராம்: கடவுள் மேல் அத்தனை ஆசை, இன்னொருத்தர் முன்னால் குனிய மனசு வரவில்லை என்று. "ஆசதான் கிளிஃபர்ட் சாப், வேற ஒண்ணும் நஹி" என்பார் பாய், ஊசியை வாயில் வைத்துக்கொண்டே. அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவ்வளவு பிடித்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

எனக்குத் தோன்றுவது வேறு. தேவதூதன் என்றால் தூது போகிறவன். தபால்காரன். யாருக்கோ யாரோ எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் வேலை. மற்ற தூதர்கள் அதைச் செய்துகொண்டே இருந்தார்கள். இவன் ஒருநாள் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தான். யாருக்கும் கெடுதல் நினைத்துச் சேர்க்கவில்லை. யாரோ தன்னைவிட்டுப் போகாமல் இருக்கச் சேர்த்தான். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். வேதத்தில் இல்லை. நான்தான் ஆதாரம்.

நம் சபையின் வாக்குத்தத்த அட்டைகளை இருபது வருடமாக அச்சடிப்பது நான். ஜனவரி ஒன்றாம் தேதி காலை ஆராதனை முடிந்ததும், ஒவ்வொருவராக முன்னால் வந்து, தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுப்பார்கள். ஒரு வசனம் இருக்கும். அந்த வருடத்துக்குக் கடவுள் அவருக்கென்று கொடுத்த வாக்கு. சிலர் பர்ஸில் வைப்பார்கள், சிலர் பிரிட்ஜ் மேல் ஒட்டுவார்கள். சும்மா ஒட்டிவைப்பதில்லை, நம்புவார்கள். நம் முனிராஜ் ஆட்டோவை விற்றுவிட்டுக் கோழிக்கடை வைத்தது அட்டையைப் பார்த்துத்தான்; அதில் 'செட்டைகள்' என்று, சிறகுக்கு வேதத்தில் வரும் ஒரு வார்த்தை இருந்ததாம். பாஸ்டர் வசனங்களைத் தேர்ந்தெடுத்துத் தருவார். நான் அடித்து, பிழை பார்த்து, வெட்டி, தாம்பாளத்தோடு முன்னால் நிற்பேன். இருபது வருடத்தில் ஒரு புள்ளியை நான் மாற்றியதில்லை.

ஓஸ்வால்டுக்கு ஆபரேஷன் என்றால் பயம். "நெஞ்ச ரம்பத்தால அறுப்பாங்களாம்டா" என்று ஏரிக்கரையில் நின்று சொன்னான். பயத்தை ஒத்துக்கொள்ளாமல், வேறு மாதிரி சொன்னான்: "புது வருஷ வாக்குத்தத்தம் என்ன வருதுன்னு பாத்துட்டு ஃபைனல் பண்ணிக்கறேன். கடவுள் போன்னா போறேன்."

"இருன்னு சொன்னா?" என்றேன்.

"இருன்னா இருக்கேன். நீ என்னாடா, அவரோட பி.ஏ. மாதிரி கேக்கற?"

இருவரும் சிரித்தோம்.

அந்த வாரம் வேதத்தைப் புரட்டினேன். 'இரு' என்று சொல்கிற வசனம் ஒன்று வேண்டும், அதுவும் பொருத்தமாக. கிடைக்கவில்லை. புரட்டிய பக்கமெல்லாம் போ, போ என்றே இருந்தது. வீட்டைவிட்டுப் போ, தேசத்தைவிட்டுப் போ, ராஜாவிடம் போ, அந்த ஊருக்குப் போ. கடவுளுக்கு யாரும் ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தால் பிடிக்காது போல. ஆகவே நானே ஒன்று எழுதினேன்.

'நீ குடியிருக்கிற வாசலைவிட்டுப் புறப்படாதே. அங்கே நான் உன் இருதயத்தைத் திடப்படுத்தி, உன் நாட்களை நீடிக்கப்பண்ணுவேன்.'

நாற்பது வருடம் கிறிஸ்தவக் கல்யாணப் பத்திரிகை அடித்தவனுக்கு அந்த நடை கை வராதா? கீழே வேதத்தின் சின்னப் புத்தகங்களில் ஒன்றின் பெயரைப் போட்டு, அதிகாரம், வசனம் என்று ஏதோ இரண்டு எண் போட்டேன். யாரும் அடிக்கடி புரட்டாத புத்தகம். 'இருதயம்' என்ற வார்த்தை இல்லாமலும் அந்த வாக்கியம் நின்றிருக்கும். அதைப் போட்டது நான்தான், அவசரத்தில் போடவில்லை. முதலில் 'ஆத்துமா' என்று அடித்து, அழித்துவிட்டுத்தான் போட்டேன்.

நானூறு அட்டையில் அவன் கையில் அது எப்படிக் கிடைக்கும் என்று கேட்பீர்கள். அது ரொம்பச் சுலபம். வாக்குத்தத்தம் எடுக்க அவன் எப்போதும் கடைசியாகத்தான் வருவான். கிழவிகளை முன்னால் விடுவான், கைக்குழந்தைக்காரிகளை விடுவான், முண்டியடிக்கிற சண்முகம் குடும்பத்தை விடுவான். எல்லோரும் போனபிறகு தாம்பாளத்தில் மிஞ்சியிருப்பதை எடுப்பான். எத்தனை மிஞ்சியிருந்தால் என்ன? தாம்பாளம் என் கையில். அவன் முறை வந்தபோது அதில் ஒரே அட்டைதான் இருந்தது. மீதி என் கோட்டுப் பாக்கெட்டில்.

எடுத்தான். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தான். மறுபடி படித்தான். "கிளிஃபர்டு, இருதயம்னே வந்திருக்குடா" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். பக்கத்தில் நின்ற பாஸ்டர் எங்கள் இருவர் தோளிலும் கை போட்டார்.

மூன்றாம் நாள் டீனா வந்து கத்தினாள். "அப்பா, டாக்டர் சொல்றது பெருசா, சீட்டுல வந்தது பெருசா? லாட்டரி மாதிரி எடுத்துட்டு வந்து ஒக்காந்திருக்கீங்க."

"டீனா, வாய அடக்கு. அது வசனம்."

"அங்கிள், நீங்களாவது சொல்லுங்க. உங்க பேச்சதான் கேப்பாரு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். "கடவுள்கூட சண்ட போட என்னால ஆகாதும்மா. ஏற்கெனவே ஒருதரம் போட்டுத்தான் விழுந்து கெடக்கறேன்" என்றேன்.

ஓஸ்வால்ட் தொடையைத் தட்டிச் சிரித்தான். டீனாவுக்கும், கோபத்துக்கு நடுவே, சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு ஆபரேஷன் தேதி போயிற்று. என் ஜோக்குகளிலேயே அதிகம் வேலை செய்த ஜோக் அதுதான்.

ஒரு வருடம்தானே என்று நினைத்தேன். அடுத்த ஜனவரியில் வேறு அட்டை வைத்துவிடலாம். 'புறப்பட்டுப் போ' என்று வேதத்தில் வேண்டியமட்டும் இருக்கிறது, எழுதக்கூட வேண்டாம். அவ்வளவு அவசரமில்லை, தள்ளிப்போடலாம் என்றுதான் நான் நினைத்தேன்.

இல்லை. இது சரியில்லை, இதைத் திருத்திக்கொள்ளுங்கள். அட்டை அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால், டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி, டீனா எனக்குப் போன் செய்திருந்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை, பயந்துவிடுவார், உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்றாள். "ஜனவரியத் தாண்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார் அங்கிள். எப்ப வேணா நடக்கலாமாம். நீங்க பக்கத்துல இருந்து அவருக்குத் தைரியம் சொல்லுங்க." நான், "நீ கவலப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். போனை வைத்துவிட்டு அரிசி களைந்து உலையில் போட்டேன். அன்றைக்கு என்ன குழம்பு என்றுகூட ஞாபகம் இருக்கிறது. கத்தரிக்காய்.

ஆக, எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடித்தேன்.

அதற்கப்புறம் வந்த பத்து வாரம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் வாழ்க்கையிலேயே நல்ல பத்து வாரம். அவன் எங்கும் போகவில்லை. ஏரியை முழுதாகச் சுற்ற அவனால் முடியவில்லை. பாதியில் பெஞ்சில் உட்காருவோம். அப்புறம் கால்வாசியில். அப்புறம் ஏரியே வேண்டாம், நேரே காபிக்குப் போய்விடலாம் என்று நானே சொன்னேன். அவனை நான் கவனமாகத்தான் பார்த்துக்கொண்டேன். மாத்திரை நேரத்துக்கு நினைவுபடுத்துவேன். காய்கறிப் பையை அவன் கையில் கொடுக்கமாட்டேன். "பெட்டிகூட என்னய இப்படித் தாங்கலடா" என்றான் ஒருநாள். அன்று முழுவதும் அந்த வாக்கியத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

பிப்ரவரி நடுவில் ஞாயிறு பள்ளி வினாடி வினாத் தாள் அடிக்க வந்தது. ஓஸ்வால்ட் எழுதிக் கொடுத்த கேள்விகள். மூன்றாவது கேள்வி: 'ஒரே ஒரு அதிகாரம் மட்டும் உள்ள வேத புத்தகங்கள் யாவை?' விடையும் அவன் கையெழுத்திலேயே பக்கத்தில் இருந்தது. அதில் முதல் பெயர், நான் அட்டையில் போட்ட பெயர். நான் இரண்டாம் அதிகாரம் என்று அடித்திருந்தேன். இல்லாத அதிகாரத்திலிருந்து எடுத்த இல்லாத வசனம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது, நாற்பது வருடம் பிழை திருத்தினவனுக்குத் தெரியவில்லை.

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்புறம் மெல்ல ஒரு சந்தோஷம் வந்தது. ஓஸ்வால்டுக்கு இது தெரியாமல் இருக்குமா? வருடா வருடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறவன். அட்டையைப் பார்த்த முதல் நாளே அவனுக்குத் தெரிந்திருக்கும், இது கடவுள் எழுதியது இல்லை, கிளிஃபர்டு எழுதியது என்று. தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. தெரிந்தும் ஆபரேஷன் வேண்டாம் என்றான். எனக்காக இருந்திருக்கிறான். ஒருவன் கெஞ்சியிருக்கிறான், இன்னொருவன் சரி என்றிருக்கிறான், அவ்வளவுதான். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

இந்த எண்ணம் கையில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து மார்ச் பத்தாம் தேதிவரை இருபத்துமூன்று நாள். ஒரு போன் போதும். இல்லை, போன்கூட வேண்டாம், நாலு கதவு தள்ளித்தான் இருந்தான்.

மார்ச் பத்தாம் தேதி காலை தர்ஷினியில் காத்திருந்தேன். பை-டூ சொல்லி வாங்கியும் வைத்துவிட்டேன். அவன் வரவில்லை. லேட்டாக வருகிறானே என்று எனக்குக் கோபம். ஆறிப்போகிறது என்று அவன் பங்கையும் நானே குடித்தேன். அந்த நேரத்தில் அவன் வீட்டு வாசலில், ஒரு கால் ஷூவை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே போயிருந்தான்.

அடக்கத்தன்று அவனைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னைத்தான் கூப்பிட்டீர்கள். இரண்டு ஜோக் சொன்னேன். அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். "கிளிஃபர்ட் அண்ணன் மாதிரி ஒரு சிநேகிதன் கிடைக்கணும்" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். நம்மவர்களுக்குப் பாவசங்கீர்த்தனக் கூண்டு கிடையாது; கத்தோலிக்கர்களுக்கு அந்த ஒரு வசதி உண்டு. ஆபீஸ் ரூமில், ஃபேனுக்குக் கீழே, முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டும். "ஓஸ்வால்டைக் கொன்னது நான்தான் பாஸ்டர்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெருங்கினவங்க போனா எல்லாருக்கும் இப்படித்தான் தோணும் அண்ணே. அன்னைக்கு மேடையில விழுந்தத நெனச்சு நெனச்சு மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க." மேடையில்லை பாஸ்டர், அட்டை என்றேன். "என்ன அட்டை?" என்றவர், வாசலில் யாரோ வந்ததால் எழுந்துவிட்டார். ஜெபம் பண்ணி அனுப்பினார். நல்ல ஜெபம்தான். என்னைப் பற்றியது இல்லை.

ஷஃபி பாயிடம் சொன்னேன். "வேஷம் ஒடம்புக்குள்ள எறங்கிருச்சு சாப்" என்று சிரித்து, டீ வரவழைத்தார். நாற்பது வருடம் எல்லோரையும் சிரிக்கவைத்தவன் ஒருநாள் உண்மையைச் சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள். அது அவர்கள் தப்பில்லை.

விழுந்த தூதனைப் படம் போடுகிறவர்கள் எல்லோரும் அவன் விழுகிற நேரத்தைத்தான் போடுகிறார்கள். சிறகு, நெருப்பு, மேகம், அழகான முகம். அவன் விழுந்த மறுநாள் காலையில் என்ன செய்தான் என்று யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. நான் சொல்கிறேன். எழுந்தான், நடந்தான், தர்ஷினிக்குப் போனான், ஒரு ஆள் பை-டூ கேட்கமுடியாது என்பதால் ஃபுல் காபி வாங்கினான். பாதியில் வயிறு நிறைந்துவிட்டது.

மே மாதம் டீனா வீட்டைக் காலி செய்ய வந்தாள். நான் போய் உதவினேன். பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றி நான் கொடுக்க, அவள் அட்டைப் பெட்டியில் அடுக்கினாள். கீழே ஆட்டோ டெம்போக்காரன் "பேக பேக" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அந்த அவசரத்தில்தான் எனக்குச் சொல்ல முடிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், உங்களுக்குச் சொன்ன இதே வரிசையில். 'ஆத்துமா'வை அழித்து 'இருதயம்' போட்டதுவரை. அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை. சிரிக்கவில்லை. மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க என்றும் சொல்லவில்லை.

கடைசியாக, எனக்கு மிச்சமிருந்த ஒன்றையும் சொன்னேன். "ஆனா உங்கப்பாவுக்குத் தெரியும்மா. அந்தப் புஸ்தகத்துக்கு ஒரே அதிகாரம்தான். அது அவனுக்குத் தெரியாம இருக்குமா? நான்தான் எழுதினேன்னு தெரிஞ்சேதான் இருந்தான். எனக்காகத்தான் இருந்தான். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே, அதுலயே தெரியலயா?"

அவள் பேக்கிங் டேப்பை இழுத்துப் பெட்டியின் வாயை ஒட்டினாள்.

"ஒங்கிட்ட ஏதாவது சொன்னானா? அவனுக்குத் தெரியும்தானே? ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லிடு."

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இல்ல அங்கிள். நம்பர் தப்புன்னு முதல் நாளே பாத்துட்டார். 'கிளிஃபர்டு மாத்தி அடிச்சிட்டான், பாவம், யார்கிட்டயும் சொல்லிடாத, கமிட்டியில அவனத் திட்டுவாங்க'ன்னார். அப்புறம் வேதத்த மொதல் பக்கத்துலேர்ந்து வெச்சிக்கிட்டு, வரி வரியா அந்த வசனத்தத் தேடிட்டே இருந்தார். சரியான எடத்தக் கண்டுபிடிச்சு ஒங்களுக்குத் தரணுமாம். நான் ஒருநாள் கேட்டேன், அங்கிளே எழுதியிருந்தா என்னப்பான்னு. என்னயே அடிக்கக் கை ஓங்கிட்டார் அங்கிள். நான் பொறந்ததுலேர்ந்து அந்த ஒருதரம்தான்."